நீலத் தண்ணீர் பேனரும் மூக்காயியின் சேற்றுக் குளமும்

மூங்கில்காட்டின் தென்கோடியில் மூக்காயி என்ற எருமை ஒரு குளம் நடத்தி வந்தது. குளம் என்பது பேருக்குத்தான். முக்கால்வாசி சேறு! ஆனால் லேசுப்பட்ட சேறு அல்ல. அதில் ஒரு தடவை புரண்டு எழுந்தால் போதும், உடம்பில் ஒட்டிய உண்ணியெல்லாம் உதிர்ந்துவிடும். பன்றிகளும் யானைகளும் குடும்பத்தோடு வந்து புரண்டுவிட்டுப் போகும்.

ஒரு சூறைக்காற்றில் பெரிய வேங்கை மரம் ஒன்று பழைய பாதையின் குறுக்கே சாய்ந்தது. மிருகங்கள் வேறு பாதையில் போகத் தொடங்கின. 'மூக்காயி கடையைக் கட்டிவிட்டது போல' என்று நினைத்து, உடம்பைச் சொறிந்துகொண்டே திரிந்தன. குளத்துக்கு ஒரு தவளையைத் தவிர யாரும் வரவில்லை. அந்தத் தவளையும் அங்கேயே குடியிருப்பதுதான்.

பக்கத்து ஆற்றில் இருந்த முதலையார் இதைக் கேள்விப்பட்டால் சும்மா இருப்பாரா? நேராகக் காட்டுத் தலைவியான யானையிடம் போனார்.

"அம்மா, அந்தக் குளம் சும்மாதானே கிடக்கு? என்கிட்ட கொடுங்க! குட்டிகளுக்கு நீச்சல் பள்ளி நடத்துறேன்!"

"எந்தக் குட்டிகளுக்கு?"

"வரையாட்டுக் குட்டி, மான்குட்டி, முயல்குட்டி... கொழுகொழுன்னு இருக்கிற எந்தக் குட்டியா இருந்தாலும் சரி!"

யானைக்குக் காதுக்குப் பின்னால் ஒரே அரிப்பு. அரிக்கிற காதோடு யாரால் ஒழுங்காக யோசிக்க முடியும்? "பௌர்ணமியன்னிக்கு வந்து பார்க்கிறேன். அப்பவும் குளம் காலியா கிடந்தா உங்களுக்குத்தான்!" என்று சொல்லிவிட்டது.

சேதி காதில் விழுந்ததும் மூக்காயி மூச்சிரைக்க ஓடியது முழிக்கண்ணன் என்ற தேவாங்கிடம். அந்தக் காட்டில் பேனர் வரைகிற ஒரே ஆள் அதுதான்.

"தம்பி, என் குளம் போகப் போகுது! புதுப் பாதையில வைக்க ஒரு பேனர் போட்டுக் கொடு! கீழே நம்ம கோரையன் குடும்பத்து முகமெல்லாம் வரிசையா வரணும்!"

கோரையன் என்பது காட்டுப்பன்றிகளின் தலைவன். பேனரில் யார் முகம் இருக்கிறதோ, அவர் சொந்தபந்தம் அத்தனையும் கூட்டிக்கொண்டு வந்து நிற்பது அந்தக் காட்டு வழக்கம். அதனால் மூக்காயி கேட்டதில் தப்பே இல்லை.

முழிக்கண்ணனுக்கு மூக்காயி என்றால் உயிர். பகல் தூக்கத்தில் கிளையிலிருந்து அது நழுவும்போதெல்லாம் மூக்காயியின் முதுகில்தான் விழும். ஒரு நாளும் மூக்காயி கோபித்துக்கொண்டதில்லை. ஆனால் தேவாங்கின் கை இருக்கிறதே, அது ஆடி அசைந்து வரும் கை! யானையின் காதை வரைய ஆரம்பித்தால், காது முடிவதற்குள் யானை வேறு காட்டுக்குப் போய்விடும். பௌர்ணமிக்குள் பேனர் முடியுமா?

'ஏஐ பெட்டி ஒன்று வாங்கிவிட்டால் என்ன?' என்று யோசித்தது முழிக்கண்ணன். வாயால் சொன்னால் போதும், அந்தப் பெட்டியே படம் போட்டுத் தந்துவிடுமாம்! உடனே சந்தைக்குக் கிளம்பியது.

சந்தையில் இரண்டு கடைகள் இருந்தன. முதல் கடை பெருச்சாளியுடையது. பெட்டிக்கு முன்னால் அது போட்ட மாதிரிப் படங்கள் இரண்டு தொங்கின. ஒன்று பானை. இன்னொன்று அகப்பை.

"இவ்வளவுதானா?" என்றது முழிக்கண்ணன்.

"உனக்கு என்ன படம் வேணும்னு இங்கேயே சொல்லிப் பாரு. சரிப்பட்டா எடு, இல்லைன்னா நடையைக் கட்டு. சும்மா நின்னு வெளிச்சத்தை மறைக்காதே!" என்றது பெருச்சாளி. அதற்கு அன்றைக்குப் பல்வலியோ என்னவோ!

அடுத்தது மயிலின் கடை. அப்பப்பா! சுவர் முழுக்கப் படங்கள். தங்க நிலா, வெள்ளி அருவி, வானவில்லில் ஊஞ்சலாடும் அன்னம்! முழிக்கண்ணனின் கண் ஏற்கெனவே பெரிசு. இப்போது முகத்தில் கண்ணைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை.

"எங்க பெட்டி எதைப் போட்டாலும் அழகாத்தான் போடும்!" என்று தோகையை விரித்தது மயில்.

"சேறு போடுமா?"

"நிலாவே போடுதே, சேறு போடாதா?"

அதுவும் சரிதானே என்று தோன்றியது முழிக்கண்ணனுக்கு. சேர்த்து வைத்திருந்த விட்டில் பூச்சிகள் அத்தனையும் மயிலிடம் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது.

கிளையில் உட்கார்ந்து, "சேற்றில் புரளும் எருமை!" என்றது. பெட்டி 'டிங்' என்றது. படம் வந்தது. கண்ணாடி மாதிரி நீலத் தண்ணீர், சுற்றிலும் தாமரை, நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு எருமை. அதற்கு ஐந்து கால்!

"ஒரு காலை எடு!"

டிங்! கால் நாலாகிவிட்டது. ஆனால் கொம்பைக் காணோம். எருமையும் வேறு எருமை.

"கொம்பு வை!"

டிங்! கொம்பு வந்தது. வாலில்!

ஒன்றைத் திருத்தச் சொன்னால் அந்தப் பெட்டி பழசை அழித்துவிட்டு முதலிலிருந்து வேறு படம் போட்டது. சேறு கேட்டால் தேன் போட்டது. எழுத்துக் கேட்டால் ஜாங்கிரி பிழிந்தது. கோரையன் குடும்பத்து முகங்களைக் கேட்டால், எல்லாப் பன்றிக்கும் சின்ன மூக்கும் நீண்ட இமையும் வைத்துக் கல்யாணப் பெண் மாதிரி ஆக்கிவிட்டது. முழிக்கண்ணன் சலித்துப்போய், இருந்ததில் அழகான படத்தைப் பேனராக்கியது.

மூக்காயி அதை வெகுநேரம் பார்த்தது. "தம்பி, இதுல நான் எங்கே?"

"நடுவுல இருக்கிறதே நீதான்க்கா!"

"சேறு எங்கே?"

"அக்கா, இதுக்குப் பேர்தான் மார்க்கெட்டிங்! உனக்குத் தெரியாது, பேசாம இரு!"

புதுப் பாதையில், குளத்துக்குத் திரும்புகிற இடத்தில் பேனர் ஏறியது.

முதலில் அந்த வழியாக வந்தது கோரையன். அண்ணாந்து பார்த்தது. "அட, சேத்தை எல்லாம் வழிச்சுப் போட்டுட்டு நீலத் தண்ணி விட்டுட்டாளா மூக்காயி? த்தூ! சுத்தமான தண்ணியில மனுஷன் குளிப்பான், பன்றி குளிக்குமா?" என்றது. பிறகு கீழே இருந்த முகங்களைப் பார்த்தது. "பன்றித் தலைவன் நான்தானே, இது யாருடா? என் மூக்கு எங்கே? எங்க வம்சத்தையே அழகாக்கி அவமானப்படுத்திட்டாங்களே!" என்று உறுமிவிட்டு, அத்தனை பன்றிகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அடுத்து வந்தது முயல்களின் கல்யாண கோஷ்டி. "அடடா, நீலத் தண்ணி! தாமரை! போட்டோ எடுக்க இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?" என்று மணப்பெண் குதியாட்டம் போட்டது. ஓடி வந்த வேகத்தில் கண்ணை மூடிக்கொண்டு கரையிலிருந்து தாவியது. தொபுக்!

எழுந்தபோது அது வெள்ளை முயல் அல்ல.

"என் பொண்டாட்டி எங்கே? இந்தப் பெருச்சாளி யாரு?" என்று அலறியது மாப்பிள்ளை முயல்.

"ஏமாத்து வேலை!" என்று கத்திவிட்டுக் கோஷ்டி கிளம்பியது. போகிற வழியெல்லாம் மூக்காயியின் பெயரை நாறடித்துவிட்டுத்தான் போனது.

மூக்காயி திட்டவில்லை. "என் குளத்துல எல்லாம் அழுக்குத்தான் தம்பி. ஆனா நான் யார்கிட்டயும் பொய் சொன்னதில்லை" என்று மட்டும் சொன்னது. அதைக் கேட்டதும் முழிக்கண்ணனுக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு பெரிய கண் அழுதால் சும்மாவா? மரத்தடியே நனைந்துபோனது.

மறுநாள் பௌர்ணமி. விடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மயிலிடம் போனது முழிக்கண்ணன். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது!" என்று மயில் முதுகைக் காட்டியது. முழிக்கண்ணன் அங்கிருந்து பெருச்சாளியின் கடைக்குப் போனது.

இந்தத் தடவை வெளிச்சத்தை மறைக்காமல் ஓரமாக நின்றது. "சேற்றில் புரளும் எருமை" என்று பெட்டியிடம் சொன்னது. படம் வந்தது. சேறு சேறாகவே இருந்தது. எருமை கறுப்பாகவே இருந்தது. ஆனால் இதற்கும் ஐந்து கால்!

"அந்த ஒரு காலை மட்டும் எடு" என்றது முழிக்கண்ணன்.

அந்த ஒரு கால் மட்டும் போனது! மற்றதெல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. கோரையன் குடும்பத்தைக் கேட்டது. நீட்டு மூக்கும் தெத்துப் பல்லுமாக, அசல் கோரையன்!

"எழுத்து மட்டும் இதுக்கும் வராது. நீயே எழுதிக்கோ" என்றது பெருச்சாளி. "விட்டில் எல்லாம் தீர்ந்துபோச்சா? பரவாயில்லை, என் கடைக்கு ஒரு போர்டு எழுதிக் கொடு. உன் வேகம் தெரியும். அடுத்த வருஷம் கொடுத்தாப் போதும்."

முழிக்கண்ணன் தன் கையால் இரண்டே வார்த்தை எழுதியது: 'சேறு இருக்கு!' அதை எழுதி முடிக்கவே உச்சிப் பொழுதாகிவிட்டது.

பழைய பேனர் இறங்கியது, புதுசு ஏறியது. சற்று நேரத்தில் தரை அதிர்ந்தது. "என் மூக்கு! என் மூக்கு! பேனர்ல என் மூக்கு!" என்று கத்திக்கொண்டே கோரையன் வந்தது. பின்னால் மாமன், மச்சான், சம்பந்தி என்று காட்டிலுள்ள அத்தனை பன்றிகளும்! குளம் நிறைந்து வழிந்தது.

சாயங்காலம் யானை வந்தது. பார்வையிடத்தான் வந்தது. ஆனால் சேற்று வாசம் மூக்கில் ஏறியதும் பதவி மறந்துபோனது. குளத்துக்குள் இறங்கிப் படுத்து, காதைச் சேற்றில் தேய்த்து, "ஆஹா!" என்றது.

அதே நேரம் பார்த்து முதலையார் வந்தார். நீச்சல் பள்ளிக்கு அவரும் பேனர் போட்டிருந்தார். எல்லாம் மயில் கடைப் பெட்டி போட்டதுதான். அழகாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. குட்டிகளோடு வந்த வரையாட்டுத் தாய்மார் முன்னால் அதைப் பெருமையாக விரித்தார்.

'சிரிக்கும் முதலை, பக்கத்தில் குட்டிகள்' என்றுதான் அவர் சொல்லியிருந்தார். பெட்டி அவர் வாயில் வரிசை வரிசையாகப் பல் வைத்திருந்தது. அந்தப் பல்லுக்கு நடுவே ஏழெட்டுக் குட்டிகள் உட்கார்ந்து சிரித்தன. அழகுக்காக மேலே கொஞ்சம் கறிவேப்பிலை தூவியிருந்தது!

"இது நீச்சல் பள்ளியா, ஹோட்டல் மெனுவா?" என்று அலறியது ஒரு தாய் ஆடு. குட்டிகளைத் தூக்காத குறையாகத் தள்ளிக்கொண்டு எல்லாம் ஓடின.

"மெஷின் தப்பாப் போட்டுருச்சு!" என்று கெஞ்சினார் முதலையார்.

"இல்லையே, எனக்குச் சரியாத்தான் தெரியுது" என்றது யானை, சேற்றிலிருந்து ஒரு கண்ணை மட்டும் திறந்து. "உள்ளதை உள்ளபடி அந்தப் பெட்டி போட்டது இதுதான் முதல் தடவை! கிளம்புங்க, இந்தக் குளத்துல இடமே இல்லை!"

முழிக்கண்ணன் கிளையில் உட்கார்ந்து சிரித்தது. சிரித்த சிரிப்பில் கை நழுவியது. வழக்கம்போல மூக்காயியின் முதுகில் போய் விழுந்தது.

கடைக்காரன் காட்டும் படத்தைப் பார்த்துக் கருவியை வாங்காதே. உன் வேலையைக் கொடுத்துப் பார்த்து வாங்கு!