தக்காளிக்கு வாசித்தவன்

குன்னூரில் ஒரு ராக் குழு இருந்தது. அதில் பாஸ் கிட்டார் வாசித்தவள் ஜெசிந்தா. அவள் வாசிப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள். நிறுத்தினால் மட்டும் மொத்தக் கூட்டமும் நிமிர்ந்து பார்க்கும். லீட் கிட்டார் ஆல்வின். ஐம்பது வயதிலும் குடுமி போட்டிருந்தான். அது எடுப்பாக இருக்கிறதென்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும்.

அவளைவிட அவன் மூத்தவன்தான். ஆனாலும் வாசிப்பில் ஒரு சிக்கல் என்றால் அவளிடம்தான் வந்து நிற்பான். 'குருவே' என்று கேலியாக ஆரம்பித்தது, நாளடைவில் அவன் வாயிலேயே தங்கிவிட்டது.

அன்று காலை அவன் வந்தபோது, வீட்டுக்குப் பின்னால் பாலிதீன் கூரை போட்ட குடிலுக்குள் ஜெசிந்தா தக்காளிச் செடிகளுக்குக் குச்சி நட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"குருவே, பிரமிளா இனிமே பாட மாட்டாளாம்."

பிரமிளா அவன் மனைவி. குழுவின் பாடகி.

"ஏன்?"

"நேத்து ஒத்திகையில ஒரு பாட்டு முழுக்க அவ பாடவே இல்லையாம். சும்மா வாயை மட்டும் அசைச்சாளாம். நான் கவனிக்கலை."

"நான் கவனிச்சேன்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"நீ கண்ணை மூடிட்டு மோட்சத்துல இருந்தே. அங்க வந்தா சொல்ல முடியும்?"

ஆல்வின் ஒரு பூந்தொட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தான். மலர்க் கண்காட்சி மேடையில் வாசிக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அது போனாலும் போகட்டும் என்றிருந்தது அவனுக்கு. பிரமிளா காலையில் காபியை மேஜைமேல் வைத்துவிட்டு, 'ஆறிடப் போகுது, குடிச்சுத் தொலை' என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் திட்டு வாங்காமல் காபி குடித்தது அதுதான் முதல் தடவை.

"எப்படி வாசிச்சா அவ திரும்பி வருவா? அதை மட்டும் சொல்லு குருவே."

ஜெசிந்தா செடிகளைக் காட்டினாள்.

"பூவாப் பூத்துத் தள்ளுது. ஒரு காய் பிடிக்க மாட்டேங்குது. முதல்ல இதைக் காய்க்க வை. அப்புறம் சொல்றேன்."

லீட் கிட்டார் வாசிக்கிறவனிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. மறுநாள் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். கால்களை அகட்டி நின்று, குடுமியைச் சிலுப்பிக்கொண்டு, தக்காளிகளுக்கு முன்னால் ஒரு கச்சேரியே நடத்தினான். பாலிதீன் கூரை அதிர்ந்தது. அதில் கோத்திருந்த பனித்துளியெல்லாம் அவன் தலைமேலேயே கொட்டியது. பக்கத்து வீட்டு நாய் ஊளையிட்டது. இலைகள் லேசாக நடுங்கின.

"பாத்தியா குருவே, ரசிக்குது!"

ஜெசிந்தா செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

அந்த வாரம் முழுக்க வாசித்தான். வேகமாக வாசித்துப் பார்த்தான். உருகி உருகி வாசித்துப் பார்த்தான். ஒன்றும் நடக்காதபோது வேறெதுவும் தோன்றாமல் சத்தத்தைக் கூட்டினான். ஒரு காலையில் வந்து பார்த்தால், காம்பு பழுத்துப்போய்ப் பூக்களெல்லாம் மண்ணில் உதிர்ந்து கிடந்தன. செடியின் நுனியில் அப்போதுதான் விரிந்த சில பூக்கள் மட்டும் மிச்சம்.

அவன் கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"நான் வாசிச்சே கொன்னுட்டேனா?"

"அட, நீ வேற. உன் வாசிப்பு அதைத் தொடவே இல்லை. யாருமே வரலைன்னு உதிர்ந்துபோச்சு."

ஜெசிந்தா தன் பையிலிருந்து ஓர் இசைக்கவையை எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் மிஸ் தட்டிவிட்டு ஒவ்வொருத்தர் காதருகிலும் கொண்டுபோவாரே, அதே இரும்புக் கவைதான். அதை முழங்காலில் ஒரு தட்டு தட்டி, ஒரு பூவின் காம்பில் மெல்ல ஒற்றினாள். தன் கறுப்பு டீ-ஷர்ட்டின் நுனியை இழுத்துப் பூவுக்குக் கீழே பிடித்தாள். மஞ்சளாக ஒரு பொடி, விபூதியைவிட நைசாக, துணியில் விழுந்தது.

ஆல்வின் காதைக் கொண்டுபோய்ப் பூவருகில் வைத்தான்.

"ஒண்ணும் கேக்கலையே?"

"உனக்கா வாசிச்சேன்?"

அவன் காதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"வெளியில இருந்தா ஒரு தேனீ வந்து பூவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ரீங்காரம் போடும். அந்த நடுக்கத்துல மகரந்தம் கொட்டும். கூரை போட்டு நாமதான் தேனீயை விரட்டிட்டோம். இந்தா, பிடி."

ஆல்வின் கவையை வாங்கி, கதவு உடைக்கிறவன்போல ஓங்கித் தட்டி, பூவில் குத்தினான். பூ காம்போடு முறிந்து விழுந்தது.

"சாவியா போடறே? தொடுடா. போதும். அது நடுங்கி அடங்கற வரைக்கும் நீயும் சும்மா நில்லு."

சும்மா நிற்பதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. கால் தாளம் போட்டது. தலை ஆடியது. ஆனாலும் மறுநாள் காலை கிட்டார் இல்லாமல் வந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான். புதிதாக விரிந்த ஒவ்வொரு பூவையும் தொட்டு, அடங்கும்வரை நின்று, அடுத்ததற்குப் போனான். நாய் ஊளையிடவில்லை.

மிளகு அளவில் ஒரு பச்சைக் காய் கண்ணில் பட்ட அன்று வீட்டுக்கு ஓடினான்.

"ஒரு தக்காளி காய்ச்சதுக்கு ஊரைக் கூட்டணுமா?" என்றாள் பிரமிளா. ஆனாலும் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு அவன் பின்னால் வந்தாள். குடிலுக்குள் வந்ததும் ஜெசிந்தாவைப் பார்த்து, "உங்க சிஷ்யன் வீட்டுல என் கம்மலைக்கூட அந்தக் கம்பியால தட்டிப் பாக்கறாரு" என்றாள்.

ஜெசிந்தா சிரித்தாள். ஆல்வின் செடிகளுக்கிடையே குனிந்து வேலையைத் தொடங்கினான். தட்டினான். தொட்டான். நின்றான். எதிர்ப்பக்கம் பிரமிளா அந்தக் காயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

அவன் இரண்டு விரலால் கவையைப் பிடித்து அடக்கினான். குடிலுக்குள் ஒரு சத்தமும் இல்லை.

"பிரமி, நீ பாடலை. சும்மா வாயைத்தான் அசைக்கறே."

பிரமிளா சட்டென்று முகத்தைச் செடிப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஸ்வெட்டர் நுனியால் மூக்கைத் துடைத்தாள்.

ஆல்வின் பதறிப்போனான். கைகள் தாமாகவே, தோளில் இல்லாத கிட்டாரைத் தேடின.

"குருவே, இப்ப நான் என்ன வாசிக்கணும்?"

ஜெசிந்தா அவன் கையிலிருந்து கவையை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அவ ஆரம்பிக்கட்டும்."