படி மாறிய பல்லக்குத் தூக்கி

முன்னொரு காலத்தில் வெண்குன்ற நாட்டை விசித்திரசேனன் என்றொரு ராஜா ஆண்டான். நல்ல ராஜாதான், ஆனால் அது காலையில் எந்தப் பக்கம் திரும்பி எழுந்தான் என்பதைப் பொறுத்தது. ஒருநாள் பல்லக்கில் போகும்போது அவனுக்குத் தலை சுற்றியது. வயிறு முட்டத் தின்ற பலாப்பழம்தான் காரணம் என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. "இனி இந்த நாட்டில் பல்லக்கே கூடாது!" என்றான். முன்னூறு பல்லக்குத் தூக்கிகளுக்கு அந்த நிமிஷமே பிழைப்புப் போயிற்று.

ஆனாலும் ராஜாவுக்கு இளகிய மனசு. வேலை போனவர்களுக்கு இரண்டு விதமாக அரிசி அளக்கச் சொன்னான். உடம்பில் தெம்போடு ஊர் ஊராக வேலை தேடுகிறவனுக்குத் தேடுபடி. உடம்பு முடியாமல் போனவனுக்கு முடக்குப்படி. விதிகளை எழுதும் பொறுப்பைப் படி அதிகாரி கனகராயரிடம் ஒப்படைத்தான். அங்கேதான் சனி பிடித்தது.

கனகராயருக்குப் பக்கத்து இலையில் அப்பளம் கொஞ்சம் பெரிதாக இருந்தாலே சாப்பாடு இறங்காது. அப்பேர்ப்பட்டவர் கையில் ஊரார் அரிசி!

தாண்டவன் என்ற பல்லக்குத் தூக்கி தேடுபடி வாங்கி வந்தான். வேலை தேடி அலைந்த ஒருநாள் ஏரிக்கரையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. நடக்க முடியவில்லை. நடந்து தேடாதவனுக்கு அரிசி இல்லை என்று தேடுபடி நின்றுபோகும் நிலை. அவன் மனைவி வெள்ளச்சி அவனைத் தள்ளுவண்டியில் போட்டு ராயரிடம் கொண்டுபோனாள்.

"எஜமான், இனிமே என்னை முடக்குப்படிக்கு மாத்தி விடுங்க."

ராயர் ஓலையைப் புரட்டினார். "நீ இப்போது தேடுபடியில் இருக்கிறாய். தேடுபடி வாங்குகிறவன் தெம்புள்ளவன். தெம்புள்ளவனுக்கு எதற்கடா முடக்குப்படி?"

"அப்ப தேடுபடியை விட்டுடறேனுங்க."

"தாராளமாக விடு. ஆனால் எந்தப் படியும் இல்லாதவன் எதிலிருந்து மாறுவான்? மாறுவதற்குக் கையில் ஒன்று வேண்டுமே!"

"புதுசா கேட்டா?"

"கேட்கலாம். நாற்பது நாள் எந்தப் படியும் வாங்காமல் இருந்துவிட்டு வர வேண்டும்."

வெள்ளச்சி குறுக்கே வந்தாள். "நாப்பது நாள் கழிச்சு வந்தா குடுப்பீங்களா சாமி?"

"எப்படித் தருவேன்? நாற்பது நாள் அரிசி இல்லாமலே பிழைத்தவனுக்கு அரிசி தேவையில்லை என்று தெரிந்துபோயிற்றே!"

"பிழைக்கலைன்னா?"

"அப்போதும் தேவையில்லை," என்றார் ராயர், வெற்றிலையை மடித்தபடி.

தாண்டவனுக்கு இடுப்பைவிட மனசு வலித்தது. பன்னிரண்டு வருஷம் இந்த ராயரையும் தோளில் சுமந்தவன் அவன். வீட்டில் பானை கவிழ்ந்து கிடந்தது. வெள்ளச்சி இரண்டு நாளாகக் கீரையைத் தின்றுவிட்டுப் பசியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒரு செய்தி வந்தது. பழைய மந்திரி காசிக்குப் போய்விட்டார். கனகராயரையே மந்திரியாக்க ராஜா சபை கூட்டியிருக்கிறான். தாண்டவன் பழைய கூட்டாளிகள் நால்வரைக் கூப்பிட்டான். அவனைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி நேரே சபைக்குள் கொண்டுபோனார்கள்.

ராஜா துள்ளி எழுந்தான். "என் சபையிலேயே பல்லக்கா?"

"கட்டிலுங்க மகாராஜா. நாலு பேர் தூக்கறதெல்லாம் பல்லக்குன்னா, பாடைக்கும் தடை போடணும். அப்புறம் செத்தவங்க நடந்தில்ல போகணும்?"

ராஜா குலுங்கிச் சிரித்தான். "சரி, எதற்கு வந்தாய்?"

"ராயர் மந்திரியாகறதைப் பார்க்கத்தானுங்க. ஒரே ஒரு சந்தேகம். ஒரு வேலையிலிருந்து இன்னொண்ணுக்கு மாற விதி எதும் இருக்குதா?"

ராஜா தாடையைச் சொறிந்தான். "இல்லையே."

"ராயர் எழுதின படி விதி இருக்குதே! அதுமாதிரி விதி எந்தச் சீமையிலும் கிடையாதுன்னு ஊரே பேசுது."

புகழ்ச்சி கேட்டதும் ராயருக்குத் தலைப்பாகை பத்தாமல் போயிற்று. "ஆம் மகாராஜா! ஆண்டி முதல் மந்திரி வரை எவருக்கும் பொருந்தும்!"

"அப்படியா? வாசியும்."

வாசிக்க வாசிக்க ராயரின் குரல் கம்மியது. ராஜாவின் முகம் மாறியது. கட்டிலில் கிடக்கிறவனை ஒரு பார்வை, ராயரை ஒரு பார்வை பார்த்தான். எல்லாம் விளங்கிவிட்டது.

"கனகராயரே, நீர் படி அதிகாரி. அந்த வேலைக்கு ஏற்றவர் வேறு வேலைக்கு எப்படி ஏற்றவர் ஆவீர்?"

பதறிய ராயர் படி அதிகாரிக்குரிய முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்தார். "அந்தப் பதவியை விட்டேன் மகாராஜா!"

"அடடா, இப்போது கையில் ஒன்றுமில்லையே. எதிலிருந்து மாறுவீர்? நாற்பது நாள் சும்மா இரும்."

"அதன் பிறகு மந்திரி ஆகலாமா?"

"நாற்பது நாள் நீர் இல்லாமல் நாடு நடந்துவிட்டால் நீர் தேவையில்லை. நடக்காவிட்டால் நானே இருக்கமாட்டேன். அப்போதும் தேவையில்லை."

சபை வாய்விட்டுச் சிரித்தது. தாண்டவன் மட்டும் சிரிக்கவில்லை. சிரித்தால் இடுப்பு வலிக்கும்.

ராஜா அன்றே அவன் வீட்டுக்கு அரிசி அனுப்பினான். "படி அதிகாரியாக நீயே இரு. உட்கார்ந்தே பார்க்கிற வேலைதான், ராயர் அதற்கு மேல் ஒன்றும் செய்ததில்லை," என்றான். தாண்டவன் பழைய விதி ஓலைகளை வெள்ளச்சியிடம் அடுப்பெரிக்கக் கொடுத்தான். புதுப் படி கைக்கு வரும்வரை பழைய படி நிற்கக் கூடாது என்று ஒரே ஒரு வரி எழுதிவைத்தான்.

நாடு ராயர் இல்லாமல் ஜோராக நடந்தது. நாற்பத்தொன்றாம் நாள் அரிசி வாங்கும் வரிசையின் கடைசியில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஒருவர் வந்து நின்றார். தாண்டவன் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அளந்து போட்டான்.

ராயர் பையைப் பிடித்தபடி தயங்கினார். "விதிப்படி எதுவும் விசாரிக்கவில்லையே?"

"விசாரிச்சேனே எஜமான். பசிக்குதான்னு கேட்டேன். ஆமான்னீங்க."