கரடி கொடுத்த நீளக் கோல்

ஒரு காட்டில் இருட்டு மடு என்றொரு மடு இருந்தது, குழந்தைகளே. உச்சி வெயில் கூட அதற்குள் எட்டிப் பார்க்க யோசிக்கும். கரையெல்லாம் கோரைப்புல், தண்ணீரெல்லாம் அல்லி இலை, தலைக்கு மேலே புங்க மரக் கிளைகள். மீன்களுக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது. கெண்டையும் கெளுத்தியும் அங்கே கொழுத்துக் கிடந்தன.

மடுவின் ஓரத்துப் பாறை இடுக்கில் சாம்பி என்ற காட்டுப்பூனை தன் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தாள். ஒருநாள் அவள் அவசரப்பட்டு ஒரு முள்ளம்பன்றியிடம் வாலாட்டிவிட்டாள். முள் முன்னங்காலில் ஏறிவிட்டது. முள்ளைப் பிடுங்கிவிட்டாள், வீக்கம் மட்டும் வடியவில்லை. அவளால் பாயவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. எலிகள் அவள் மூக்குக்கு முன்னாலேயே உலாப் போயின.

குட்டிகள் இரண்டும் பால்குடி மறந்தவை. முதல் நாள் பசியில் அழுதன. இரண்டாம் நாள் அழக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டு படுத்துவிட்டன. 

சேதி கேட்டு, ஆற்றங்கரையிலிருந்து கரியன் என்ற கரடி மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். கரியனுக்குத் தாராள மனசு. தன்னிடம் இருப்பதில் மட்டமானதைக் கொடுக்க அவனுக்குத் தெரியாது. தோளில் அவனுடைய மூங்கில் தூண்டில் கோல் இருந்தது. ஒரு கரடியின் தோள்மேல் இன்னொரு கரடி ஏறி நின்றால் எவ்வளவு உயரமோ, அவ்வளவு நீளம். நுனியில் கற்றாழை நார், நாரில் நெட்டித் தக்கை, அதற்குக் கீழே மனிதர்கள் ஆற்றில் விட்டுப்போன இரும்பு முள். காடு முழுக்கத் தேடினாலும் அப்படி இன்னொரு முள் கிடைக்காது.

“இந்தா தங்கச்சி, வச்சுக்க. உட்கார்ந்த இடத்துலயே மீன் பிடிக்கலாம். தக்கை முங்குச்சுன்னா இழு, அவ்வளவுதான்” என்றான் கரியன்.

“அண்ணே, இது நீங்க உசிரா வச்சிருக்கிற கோலாச்சே! உங்களுக்கு வேண்டாமா?”

“எனக்குக் கை இருக்கு, ஆத்துல இறங்கி அள்ளிக்குவேன். புள்ளைங்க பசியோட கிடக்கக் கூடாது. நாளைக்குக் காலையில வந்து பாக்குறேன்.”

சாம்பிக்குக் கண் நிறைந்துவிட்டது. கரியன் கண்ணுக்கு மறைகிறவரை அவன் போன திசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மண்புழுவைக் கோத்து, பாறைமேல் உட்கார்ந்து, கோலைத் தூக்கினாள்.

தூக்கியதும் நுனி மேலே இலைக்குள் போய்விட்டது. தாழ்த்தினாள். அடிப்பக்கம் பின்னால் இருந்த பாறையில் இடித்தது. பக்கவாட்டில் திருப்பினாள். நார் போய்க் கோரையைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. நாலாவது முறை வீசியபோது, முள் புங்கக் கிளையில் நன்றாக மாட்டிக்கொண்டது.

மேலே உட்கார்ந்திருந்த குரங்குக்குக் கொண்டாட்டம். அடுத்தவர் படும் பாட்டைப் பார்த்துச் சிரிப்பதுதான் அதன் பிழைப்பு.

“அக்கா, மரத்துல மீன் காய்க்குதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?”

“தம்பி, கோவிச்சுக்காம அதைக் கொஞ்சம் எடுத்துக் குடுத்துடுப்பா.”

குரங்கு முள்ளை எடுத்துவிட்டது. “போனாப் போகுது. ஆனா இன்னொரு தடவை மாட்டுச்சுன்னா முள்ளு எனக்குத்தான். காதுல கடுக்கனாப் போட்டுக்கப் போறேன்” என்றது.

அல்லி இலை ஒன்றின்மேல் நின்று இதையெல்லாம் ஓர் இலைக்கோழி பார்த்துக்கொண்டிருந்தது. நீண்ட விரல்களை விரித்து இலைக்கு இலை நடந்து போகும் பறவை அது. மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடும்.

“கோல் ரொம்ப நீளம். ஒடிச்சுக் குட்டையாக்கு” என்றது.

சாம்பிக்குச் சுருக்கென்றது. “என்ன பேச்சுப் பேசுற! இது கரியண்ணன் குடுத்தது. இதைக் கடிச்சு ஒடிச்சா என்னைவிட நன்றி கெட்டவ இந்தக் காட்டுல இருப்பாளா?”

“சரி. அப்ப அந்த நன்றியையே புள்ளைங்களுக்குக் கரைச்சு ஊத்து.”

சாம்பியின் கால் மட்டும் சரியாக இருந்திருந்தால் இலைக்கோழியின் கழுத்து அன்றைக்கு மிஞ்சியிருக்காது. அது தெரிந்துதான் இலைக்கோழியும் கரையிலிருந்து எட்டி நின்று பேசியது.

சாம்பி கோலை நடுவில் பிடித்துப் பார்த்தாள். பின்பக்கம் புதருக்குள் செருகிக்கொண்டு திணறியது. ஆனாலும் எப்படியோ நுனியைக் கோரைக்கு அப்பால் கொண்டுபோய்விட்டாள். தக்கை தண்ணீரில் நிமிர்ந்து நின்றது. ஒருமுறை நடுங்கியது. அப்புறம் சரேலென்று முங்கியது.

சாம்பி பலங்கொண்ட மட்டும் தூக்கினாள். உள்ளங்கை அகலக் கெண்டை ஒன்று பளபளவென்று மேலே வந்தது. சத்தம் கேட்டு ஒரு குட்டி தலையைத் தூக்கிப் பார்த்தது. அதே நேரம் கோலின் நுனி கிளையில் மடேரென்று இடித்தது. கெண்டை முள்ளை உதறிவிட்டுத் தண்ணீருக்குள் விழுந்து போயே போய்விட்டது.  குட்டி தூக்கிய தலையை மறுபடி தரையில் சாய்த்துக்கொண்டது.

அதைப் பார்த்ததும் சாம்பியின் வீறாப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

“இலைக்கோழி, எவ்வளவு ஒடிக்கணும்? சொல்லும்மா” என்றாள்.

“முதல்ல நீ எங்க உட்காரப் போற, அதைச் சொல்லு.”

“இந்தப் பாறைதான். வேற எங்கயும் என்னால போக முடியாது.”

இலைக்கோழி நாலு இலை தாண்டிப் போய் நின்றது. “என் காலடியில இலை விலகியிருக்கு பாரு. இங்கதான் மீனுங்க மேல வருது. கோலைக் கோரைக்கு மேல நீட்டு. இன்னும் கொஞ்சம். நுனி எனக்கு நேரா வரட்டும். ஆங், போதும். இப்ப உட்கார்ந்தபடியே தூக்கிப் பாரு, கிளையில முட்டுதா?”

“முட்டல. ஒரு சாண் இடம் இருக்கு.”

“அப்ப உன் கை பிடிச்சிருக்கிற இடந்தான் இந்த மடுவுக்குக் கோலோட அடி. அதுக்குப் பின்னால இருக்கிறது ஆத்துக்கு ஆகும், இங்க ஆகாது.”

“இன்னும் குட்டையா ஒடிச்சுட்டா கிளைப் பயமே இருக்காதே?”

“கோரையைத் தாண்டாது. அப்புறம் தவளைதான் பிடிக்கணும்.”

சாம்பி தலையாட்டிவிட்டு, நுனியைக் கடிக்கப் போனாள்.

“ஐயையோ, அடியில! நுனிதான் வளைஞ்சு கொடுக்கும். அதை எடுத்துட்டா மிச்சம் விறகுக்குத்தான் ஆகும்!”

சாம்பி மூங்கிலைச் சுற்றிச் சுற்றிக் கடித்தாள். பல் கூசியது. பிறகு பாறை இடுக்கில் கோலின் அடியைச் செருகி, உடம்பு மொத்தத்தையும் சாய்த்து அழுத்தினாள். மடார்! அந்தச் சத்தம் அவளுக்குத் தன் எலும்பு முறிந்தது போல இருந்தது.

“அண்ணே, மன்னிச்சுடுங்க” என்று முணுமுணுத்தாள்.

நாரையும் அளவாகச் சுருக்கிக் கட்டி, தூண்டிலை வீசாமல் மெதுவாக இலை விலகிய இடத்தில் இறக்கினாள். தக்கை முங்கியது. இம்முறை மேலே தூக்காமல் பக்கவாட்டில் இழுத்தாள். வந்தது ஒரு கெளுத்தி. அதற்குப் பின்னாலேயே ஒரு கெண்டை, இன்னொரு கெண்டை. பொழுது சாய்வதற்குள் பாறைமேல் ஏழு மீன்கள் கிடந்தன.

குட்டிகள் தின்றன, குழந்தைகளே, அப்படித் தின்றன! தின்றுகொண்டே உறுமின. சாம்பி ஒரு துண்டுகூட வாயில் வைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணீர் பாட்டுக்கு மீசையில் வழிந்தது.

“இலைக்கோழி, என் புள்ளைங்களோட உசிரு நீ குடுத்தது. இனிமே உன் கூட்டுமேல என் நகம்கூடப் படாது. இது சத்தியம்” என்றாள்.

“ரொம்ப சந்தோஷம். ஆனாலும் நான் இங்கயே நின்னுக்கிறேன்” என்றது இலைக்கோழி.

மறுநாள் காலையில் கரியன் வந்தான். அவன் கரையில் கால் வைப்பதற்கு முன்பே குரங்கு கிளையிலிருந்து கத்தியது. “கரடியண்ணே! நீங்க ஆசையாக் குடுத்த கோலை இவ பாதியா ஒடிச்சுப்புட்டா! என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!”

கரியன் குனிந்து கோலை எடுத்தான். முறிந்த அடியை விரலால் தடவினான். அவன் முகம் ஒரு நொடி வாடியதைச் சாம்பி பார்த்துவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டு அழத் தொடங்கினாள்.

அப்போது குட்டிகள் இரண்டும் பாறை இடுக்கிலிருந்து உருண்டு புரண்டு ஓடி வந்தன. ஒன்று கரடியின் காலைப் பிடித்து ஏறத் தொடங்கியது. அதன் மூக்கில் மீன் செதில் ஒட்டியிருந்தது. கரியன் அதைத் தூக்கி வயிற்றில் தட்டிப் பார்த்தான். வயிறு கும்மென்று இருந்தது.

“அண்ணே, அது வந்து…” என்று தொடங்கினாள் சாம்பி.

“எதுக்கு அழற? ஆத்தை நெனச்சுக்கிட்டே குடுத்துட்டேன், உன் மடு இப்படி அடைஞ்சு கிடக்கும்னு எனக்குத் தோணல. நீ மட்டும் என் கோலைப் பத்திரமா வச்சிருந்து, இன்னிக்கு நான் வந்து பார்க்கையில இவங்க அசையாமக் கிடந்திருந்தா? அந்த முழுக் கோலை நான் எந்தக் கையால வாங்குவேன் தங்கச்சி?”

குரங்கு சத்தமில்லாமல் மேல்கிளைக்கு ஏறிக்கொண்டது.

சாம்பி எடுத்து வைத்திருந்த பெரிய கெண்டையைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். கரியன் மறுக்கவில்லை. பாறைமேல் உட்கார்ந்து, குட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு, தன் கோல் பிடித்த மீனை முள் கூட மிச்சம் வைக்காமல் தின்றான்.

நீதி: கிடைத்த உதவியை நம் இடத்துக்கும் தேவைக்கும் தக்கபடி பயன்படுத்துவதே, கொடுத்தவருக்கு நாம் செலுத்தும் நன்றி.