மருதாசலம் வாங்கிய டர்போ

கோவை மில் முதலாளி மருதாசலம், அப்பா விட்டுப்போன சின்னக் காருக்கு, வேகத்தைக் கூட்டும் டர்போ கருவி வாங்கிவந்தார். அதைப் பொருத்த, என்ஜினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டை வெட்டி ஒட்டலாம், அல்லது புதிதாக வார்க்கலாம் என்றாள் அவர் கட்டடத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ரெஜினா.

"அப்பா வச்சிருந்ததை வெட்டவும் கூடாது, மாத்தவும் கூடாது. டர்போ கண்ணுக்கே தெரியக்கூடாது. முடியாதுன்னா என் கட்டடத்தைக் காலி பண்ணு."

"சரிங்க."

வாரக் கடைசியில் நண்பர்களோடு ஓட்டிப் பார்த்துவிட்டுப் பட்டறைக்குத் திரும்பியவர் பூரித்துப்போனார். "இதல்லவா டர்போ. எங்கே வச்சே?"

"டிக்கியிலங்க. பெட்டியே பிரிக்கல. மேனிஃபோல்டுல அடைஞ்சிருந்த கரியைத்தான் சுரண்டி எடுத்தேன்."

நண்பர்கள் சிரித்தார்கள். மருதாசலம் ஸ்டீயரிங்கைத் தடவினார். "அப்பா ஓட்டுறப்போ இப்படித்தான் போயிருக்குமா?"

"இப்படித்தாங்க போயிருக்கும்."

பெட்டியையும் நண்பர்களையும் அங்கேயே இறக்கிவிட்டு, தனியாக இன்னொரு சுற்று கிளம்பினார்.