யானைக்குச் சொன்ன ஆபத்து

முன்னொரு காலத்தில் கொன்றையூர் நாட்டைக் கதம்பவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். பெரிய வீரன்தான். ஆனால் கொஞ்ச நாளாக அவனுக்கு என்னவோ ஆகிவிட்டது. படுத்தால் தூக்கம் வரவில்லை, இலையில் உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. சபையில் பல்லை நறநறவென்று கடித்தான். பேச ஆரம்பித்ததைப் பாதியில் மறந்துவிட்டு, எதிரில் நின்றவனைத் திட்டினான். சாமரம் வீசியவளிடம், “காற்று ஏன் இவ்வளவு சத்தமாக வருகிறது?” என்று சண்டைக்குப் போனான்.

அமைச்சர் தில்லைநாயகம் இதையெல்லாம் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அரண்மனைச் சோதிடர் மார்க்கசகாயமோ சந்தோஷத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். அமைச்சர் பதவி மீது அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண்.

ஒருநாள் ராஜா தலையைப் பிடித்துக்கொண்டு, “மண்டை இடிக்கிறது, தாடை வலிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. எனக்கு என்னதான் ஆயிற்று?” என்றான்.

“சூனியம், மன்னா,” என்றார் சோதிடர். “வைத்தவர் வெகுதூரத்தில் இல்லை. உங்கள் வலப்பக்கம்தான் நிற்கிறார்.”

வலப்பக்கம் நின்றவர் தில்லைநாயகம். ராஜா வாளை உருவிவிட்டான். நல்லவேளை, எதற்கு உருவினோம் என்பதை மறந்து ஒரு கணம் விழித்தான். அமைச்சருக்கு அது போதுமாக இருந்தது.

“மன்னா, என்னை வெட்டிவிட்டால் சூனியத்தை எடுக்க ஆள் இருக்காது. எடுத்த பிறகு வெட்டுங்கள். பட்டத்து யானை மேல் அதை இறக்கிவிடலாம். தினமும் விடிந்ததும் சோதிடர் உங்களிடம் வந்து அன்றைய ஆபத்துகளைச் சொல்கிறாரே, அதைப் பௌர்ணமிவரை யானையிடம் சொல்லட்டும். உங்கள் காதில் ஒரு சொல்கூட விழக்கூடாது.”

“யானையிடமா?” என்றார் சோதிடர்.

“ராஜாவுக்காக இதைக்கூடச் செய்ய மாட்டீரா?”

ராஜா முறைத்த முறைப்பில் சோதிடர் ஒத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் சோதிடர் யானைக் கொட்டில் முன் நின்று, “மேற்கிலிருந்து படை வரலாம். குடிக்கும் பாலில் விஷம் இருக்கலாம். மைத்துனர் முதுகில் குத்தலாம்,” என்று சொல்லி முடித்தார். யானை கரும்பைத் தின்றபடியே சாணம் போட்டது.

“பதில் சொல்லிவிட்டது, சாமி,” என்றான் பாகன்.

விஷயம் ஊரெல்லாம் பரவியது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடி, சோதிடரைத் தினமும் விதவிதமாகக் கேலி செய்தது. கூட்டத்தை நம்பிச் சுண்டல் விற்பவர்களும் வந்துவிட்டார்கள்.

ராஜா தேறாவிட்டால் தலை போய்விடும் என்று அமைச்சர் வயிற்றில் நெருப்போடுதான் திரிந்தார். ஆனால் ராஜா யாரையும் சந்தேகிக்காமல் பாலைக் குடித்தான். மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். ஒரு மத்தியானம் சபையிலேயே குறட்டை விட்டான். அமைச்சர் அதைக் கச்சேரி கேட்பதுபோல் கண்ணை மூடிக் கேட்டார்.

பௌர்ணமியன்று சோதிடர் சபைக்கு வந்த கோலம் பார்க்கச் சகிக்கவில்லை. கண் சிவந்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. “யானைக்கு இன்று நாள் எப்படி, சாமி?” என்று காவலன் ஒருவன் பணிவாகத்தான் கேட்டான். சோதிடர் மேல்துண்டைத் தரையில் வீசியெறிந்து அவன்மேல் பாய்ந்தார்.

“பல்லைக் கடிக்கிறீர், கேட்டவன்மேல் பாய்கிறீர்,” என்றான் ராஜா. “உமக்கு யார் சூனியம் வைத்தது?”

“சூனியமாவது, மண்ணாவது. இன்றைக்கு என்ன கேலி வரப்போகிறதோ என்று தினமும் பயந்துகொண்டே எழுந்தால், எவனுக்குத் தூக்கம் வரும்? எவனுக்குச் சோறு இறங்கும்?”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

“உங்களுக்கு வந்ததும் அதேதான், மன்னா,” என்றார் அமைச்சர். “இத்தனை நாளும் நான் உங்கள் வலப்பக்கத்தை விட்டு நகரவில்லை. உங்களிடம் வராமல் இருந்தது அந்தக் காலை ஆபத்து மட்டும்தான்.”

ராஜா தொடையில் தட்டிச் சிரித்தான். மார்க்கசகாயத்தை யானைக்கே நிரந்தரச் சோதிடராக்கினான். “இனி நல்ல செய்தியாகச் சொல்லும். வாயில்லா ஜீவன், மனம் நோகக் கூடாது.”

பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட வந்தவன், கிட்டே வந்ததும் நின்றுவிட்டான்.

“தில்லைநாயகம், உமக்கு இமை துடிக்கிறதே. தோள் இரண்டும் காதுவரை ஏறியிருக்கிறது. கடித்துக் கடித்து நகத்தையே காணோம். எவ்வளவு காலமாக?”

“சில வருஷங்களாக, மன்னா.”

“யாரால்?”

அமைச்சர் தரையைப் பார்த்தார். “என் உயிருக்கு ஆபத்தில்லை என்று வாக்குக் கொடுத்தால் சொல்கிறேன்.”

ராஜா மாலையை அவர் கழுத்தில் போட்டு, “சொல்ல வேண்டாம், புரிந்துவிட்டது. ஒரு மாதம் ஊருக்குப் போய் நன்றாகத் தூங்கிவிட்டு வாரும்,” என்றான்.

ராஜா மனசு மாறுவதற்குள் போய்விட வேண்டுமென்று, அமைச்சர் செருப்பைக்கூடத் தேடாமல் கிளம்பினார்.