அமலோற்பவம் டீச்சர் சுட்ட ரெண்டு தோசை

ஒரு ஊர்ல ஒரு கணக்கு டீச்சர் இருந்தாங்களாம். பேரு அமலோற்பவம். அந்தப் பேரச் சொல்லி முடிக்கறதுக்குள்ள பிள்ளைங்களுக்குப் பாதித் தூக்கம் வந்துரும். மீதித் தூக்கம் கணக்கு ஆரம்பிச்சதும் வந்துரும். உன்ன மாதிரிதான். ம் கொட்டு பாப்போம்.

"ம்."

அஞ்சாங்கிளாசுக்குப் பின்னம் நடத்தணும். பின்னம்னா என்னன்னு என்னக் கேக்காத. நான் படிச்சதே ரெண்டு கிளாசு, அதுல ஒண்ணு முழுக்க லீவு. ஏதோ பங்கு போடற கணக்காம்.

அப்போ டீச்சர் கேட்டாங்க, "மூணுல ஒரு பங்கு பெரிசா, நாலுல ஒரு பங்கு பெரிசா?"

"நாலுல ஒண்ணு!"

"எப்படிடா?"

"நாலுதானே டீச்சர் பெரிசு!"

வாசல்ல நின்ன பெரிய டீச்சர் காதுல இது விழுந்துருச்சு. "வெள்ளிக்கிழமை வருவேன். அன்னைக்கும் இதே பதில்னா, நீங்க ஒண்ணாங்கிளாசுக்குப் போயிருங்க அமலோற்பவம். மூக்கு தொடச்சு விடலாம்."

பதினோரு வருசமா இந்த அஞ்சாங்கிளாசுதான் அமலோற்பவத்துக்கு உசுரு. 'புத்தகத்த மட்டும் வச்சு ஆகாது, இதுங்க கண்ண முழிச்சுப் பாக்கற மாதிரி வேற ஏதாச்சும் தேடணும்'னு கிளம்பிட்டாங்க.

அப்புறம் புதன்கிழமை, பெரிய சார்ட்டுல வட்டம் வட்டமா வரைஞ்சு, பங்கு பங்கா கோடு போட்டு, கலர் அடிச்சுத் தொங்க விட்டாங்க.

"டீச்சர், சைக்கிள் சக்கரமா?"

"லூசு, மாட்டு வண்டிச் சக்கரம்டா!"

எந்தச் சக்கரம்னு சண்டை போட்டே மணி அடிச்சுருச்சு. டண் டண்!

அப்புறம் வியாழக்கிழமை, போன்ல ஒரு வீடியோ போட்டாங்க. ஒரு முயலு பின்னத்தப் பாட்டாப் பாடி ஆடுச்சு. ஜிங்கு ஜிங்கு ஜிங்கு! பிள்ளைங்களும் ஆடுச்சு, பெஞ்சும் ஆடுச்சு. பாட்டு முடிஞ்சதும், "எது பெரிசு?"

"முயலோட காது, டீச்சர்!"

'அமலோற்பவம், உனக்கெல்லாம் எவன்டி வேல குடுத்தான்?'னு தன்னத் தானே கேட்டுக்கிட்டாங்க. ம் எங்க?

"...ம்."

அப்புறம் வெள்ளிக்கிழமை. விடிஞ்சதும் கல்லப் போட்டு, சுர்ர்ர்ன்னு தோசை சுட்டாங்க. ஒண்ண மூணா வெட்டணும், ஒண்ண நாலா வெட்டணும், அதான் யோசனை. வெட்டிப் பழகறேன்னு சுட்ட மூணு தோசையும் அவங்க வாய்க்குள்ளயே போயிருச்சு. அப்புறம் ஒண்ணு பெரிசா ஊத்துனாங்க. அடுத்ததுக்கு மாவு இல்ல. சட்டிய வழிச்சு, உள்ளங்கை அளவுக்கு ஒண்ணு ஊத்துனாங்க. மண்ட முழுக்கக் கணக்கு, தோசையில கவனமே இல்ல. பெரிச நாலா வெட்டி, சின்னத மூணா வெட்டி, டப்பாவுல போட்டுக்கிட்டு ஓட்டமா ஓடினாங்க.

பெரிய டீச்சர் வந்து நாற்காலியில உக்காந்துட்டாங்க. அமலோற்பவம் டப்பாவத் திறந்தாங்க. தோசையக் கண்டா எவன் தூங்குவான்? அத்தனை தலையும் மேல வந்துருச்சு. நாலுல ஒரு துண்டு ஒரு கையில, மூணுல ஒரு துண்டு மறு கையில.

"எது பெரிசு?"

"நாலுல ஒண்ணு!"

பாத்தா... அதான் பெரிசு! அமலோற்பவத்துக்கு அப்போதான் உறைச்சுது. அழறதா சிரிக்கறதான்னு தெரியல. டொக்குன்னு தன் தலையில தானே ஒரு கொட்டு வச்சுக்கிட்டாங்க.

அப்போ மொத பெஞ்சுல சந்தனமாரின்னு ஒரு பொண்ணு எந்திரிச்சா. "டீச்சர், இது அழுகுணி ஆட்டம்! அந்தத் தோசை பெரிசு, இந்தத் தோசை சின்னது. ரெண்டும் ஒரே அளவா இருந்தாத்தானே எது பெரிசுன்னு கேக்கலாம்?"

பெரிய டீச்சர் நிமிர்ந்து உக்காந்தாங்க. "சரி, ஒரே அளவு தோசைன்னா?"

சந்தனமாரி விரல மடக்கிப் பாத்தா. "அப்போ மூணுல ஒண்ணுதான். நாலாவது ஆளு வந்தா எல்லாருக்கும் கொறையும்ல?"

"ஆமா, எங்க வீட்லயும் கொறையும்!"ன்னு கிளாசே கத்துச்சு.

பெரிய டீச்சர் எந்திரிச்சு, பெரிய துண்டா ஒண்ண எடுத்து வாயில போட்டாங்க. மென்னாங்க. மென்னுக்கிட்டே இருந்தாங்க. அமலோற்பவம் அவங்க வாயவே பாத்துக்கிட்டு நின்னாங்க.

"நீங்க அஞ்சாங்கிளாசுலயே இருங்க அமலோற்பவம். ஆனா இனிமே கணக்குக்குத் தோசைய நானே சுட்டுட்டு வரேன். இது என்ன, ரப்பரா?"

ம் கொட்டு... ம்? இவளும் கணக்குக் கிளாசுக்குப் போயிட்டா. கல்லு ஆறிருச்சு, கதையும் ஆறிருச்சு, தூங்குடி தங்கம்.