நெட்வொர்க் கார்டுக்கு ஒரு பெயர்

தீர்ப்புச் சொல்லும் வேலையை உங்களிடம் விடுகிறேன். எனக்கு மூவர்மேலும் பிரியம் உண்டு. நான் சொன்னால் எடுபடாது.

கோவையில் ஒரு சிறு குழு பள்ளிக் கணினிகளுக்கென்று லினக்ஸ் இயங்குதளம் தயாரித்து இலவசமாகக் கொடுக்கிறது. கணினியில் உள்ள ஒவ்வொரு கருவியும் இயங்க அதற்கென்று மாட்யூல் என்ற சிறு மென்பொருள் வேண்டும். சில மாட்யூல்கள் எல்லாக் கணினிக்கும் போகும் முதன்மைப் பேக்கேஜில், அதாவது தொகுப்பில், இருக்கும். மற்றவை துணைப் பேக்கேஜில். வேண்டியவர் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். முதன்மையில் இடம்பெற ஒரே விதி: அந்தக் கருவியைக் கையில் வைத்திருக்கும் ஒருவர், ஒவ்வொரு புதிய பதிப்பின் வெளியீட்டுக்கு முன்பும் சோதித்துச் சொல்வதாகப் பெயர் கொடுக்க வேண்டும்.

கணினியை இணையத்தோடு இணைக்கும் பழைய நெட்வொர்க் கார்டு ஒன்றின் மாட்யூலுக்குப் பெயர் கொடுத்திருந்தவர் குழுவை விட்டுப் போய்விட்டார். பேக்கேஜ்களைப் பிரிக்கும் இருதயராஜ் அதைத் துணைப் பேக்கேஜுக்குத் தள்ளினார்.

"யாரும் சோதிக்காததை எல்லார் தலையிலயும் கட்ட முடியாதுங்க" என்றார். மனிதர் கறார்தான், ஆனால் சொன்னது நியாயம்.

கூட வேலை செய்யும் வடிவாம்பாளுக்கு மனசு கேட்கவில்லை. ஜவ்வாது மலைப் பள்ளி ஒன்றின் பதினான்கு கணினிகளிலும் அந்தக் கார்டுதான். அங்குள்ள பிள்ளைகள் உதவித்தொகைத் தேர்வுக்கு விண்ணப்பிக்க அந்தக் கணினிகளை விட்டால் வேறு வழியில்லை. கடைசி நாள் அடுத்த மாதம். அந்தக் கார்டைக் கண்ணால்கூடப் பார்த்திராத வடிவாம்பாள், சோதிப்பவர் என்று தன் பெயரைப் போட்டு மாட்யூலை முதன்மையில் திரும்பச் சேர்த்துவிட்டார்.

இருதயராஜ் சோதனை அறிக்கை கேட்டதும் குட்டு உடைந்தது. யாரும் படிக்கக்கூடிய குழுவின் மடல்களில் நடந்த சண்டையைத் தன் போனில் படித்துவிட்டு, அந்தப் பள்ளி ஆசிரியை லூர்துமேரி இருதயராஜுக்குப் போன் செய்தார்.

"எனக்குப் புரோகிராம் எழுதவெல்லாம் தெரியாது சார். புதுசு ஓடுதா ஓடலையான்னு பார்த்துச் சொல்லத் தெரியும். என் பேரைப் போட்டுக்கோங்க."

"பிழை வந்தா திருத்தத் தெரியாதவங்க பேரை எப்படிங்க போடறது?" என்று இருதயராஜ் தயங்கினார்.

விதிப்படி தள்ளியவர், பொய்ப் பெயர் போட்டுக் காக்கப் பார்த்தவர், புரோகிராம் தெரியாமலே பெயர் கொடுத்தவர். இவர்களில் யார் செய்தது சரி?

விடை: லூர்துமேரி. இருதயராஜ் விதியைக் காத்தார். ஆனால் நெட்வொர்க் கார்டின் மாட்யூலை இணையத்தில் எடுத்துக்கொள் என்றால், அது இல்லாமல் இணையத்துக்கு எப்படிப் போவது என்று யோசிக்கவில்லை. வடிவாம்பாளின் மனசு தங்கம். ஆனால் அவர் பெயரை நம்பியிருந்தால், ஓடாத மாட்யூல் அதே மலைக்குத்தான் போயிருக்கும். விதி கேட்டது கருவியும் சோதனையும் மட்டுமே. திருத்தத் தெரிய வேண்டும் என்று அதில் இல்லை. இருதயராஜ் அதை இன்னொரு முறை படித்துப் பார்த்துவிட்டு, தன் கையாலேயே டீச்சர் பெயரைச் சேர்த்தார். அந்த வாரமே முதல் அறிக்கை வந்தது: "நாலு மெஷின்ல நெட் வரலை சார்." இருதயராஜும் வடிவாம்பாளும் ஒன்றாக உட்கார்ந்து பிழையைத் திருத்தி அனுப்பினார்கள். பிள்ளைகளின் விண்ணப்பங்கள் கடைசி நாளுக்கு ஐந்து நாள் முன்பே போய்ச் சேர்ந்தன.